தட்டில் சாகும் கிருமி

டைபாய்டு கிருமியை ஆய்வகத் தட்டில் பரப்பி, அதன்மேல் ஜென்டமைசின் வில்லை ஒன்றை வைத்தால், மறுநாள் காலையில் வில்லையைச் சுற்றிக் கிருமியே இல்லாத வட்டம் பளிச்சென்று தெரியும். தட்டின் கணக்கில் மருந்து ஜெயித்துவிட்டது. அதே கிருமி பிடித்த நோயாளிக்கு அதே மருந்தை ஊசியில் ஏற்றினால் காய்ச்சல் இறங்காது. இது தெரிந்த விஷயம்தான். ஆய்வகங்கள் பின்பற்றும் விதிநூல்களிலேயே எச்சரிக்கை இருக்கிறது: டைபாய்டு கிருமியை உள்ளடக்கிய சால்மொனெல்லா வகைக்கு ஜென்டமைசின் வட்டம் எவ்வளவு பெரிதாக விழுந்தாலும், ‘இந்த மருந்துக்குக் கேட்கும்’ என்று எழுதி டாக்டருக்கு அனுப்பக் கூடாது.

மருந்துக்குக் கேட்காத கிருமிகளைப் பற்றிய பேச்சு இப்போது எங்கும் நடக்கிறது. கேட்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது யார் என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் விசாரிப்பதில்லை. தட்டு சொல்லும், ஆய்வகம் சொல்லும் என்று விட்டுவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு எப்படி உருவாகிறது, எங்கே சறுக்குகிறது என்பதைப் பார்க்க மலாயாவின் தோட்டக் காய்ச்சல்களைவிட நல்ல வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் சாலையில் இருக்கிறது திரிங்காப். சரிவெங்கும் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். முன்னும் பின்னும் தேயிலை எஸ்டேட்டுகள். அவற்றுக்கு மேலே காடு. தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடைவெளியில் புல்லும் புதரும் மண்டிய நிலம், அதில் எலிகள், எலிகளின் காதுமடலில் ஆரஞ்சு நிறப் பொட்டுகளாகச் சிலந்திப்பேன் குஞ்சுகள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இந்தக் குஞ்சுகள்தான் ஸ்க்ரப் டைபஸ் கிருமியை மனிதனுக்கு ஏற்றுகின்றன. காடழித்த நிலத்தின் ஓரங்கள் அவற்றுக்குப் பிடித்த இடம். டைபாய்டு வருகிற வழி வேறு. கெட்ட தண்ணீரும் கைபட்ட உணவும் அதைக் கொண்டுவருகின்றன. ஆனால் முதல் வாரத்தில் இரண்டும் ஒரே முகத்தோடுதான் வரும்: விடாத காய்ச்சல், தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. ஸ்க்ரப் டைபஸ் என்றால், கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கருத்த பொருக்கு இருக்கலாம். அதுவும் அக்குள், இடுப்பு மடிப்பு, மார்பின் அடி என்று மறைவிடங்களில்தான் இருக்கும். தேடினால்தான் கிடைக்கும்; சிலருக்குத் தேடினாலும் கிடைக்காது.

இந்தக் குழப்பம் கோலாலம்பூரில் நூறு ஆண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1900இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தில், வில்லியம் ஃப்ளெட்சரும் லெஸ்லரும் 1920களின் நடுவில் மலாயாவின் டைபஸ் காய்ச்சலை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நோயாளியின் ரத்தநீரை புரோட்டியஸ் என்ற சாதாரணக் கிருமியோடு கலந்து, கட்டியாகத் திரள்கிறதா என்று பார்ப்பது அந்தக் காலத்துச் சோதனை. கழகத்தில் ஒரே வகை என்று நம்பி வைத்திருந்த புரோட்டியஸ் இரண்டு குடுவைகளில் இருந்தது. ஒன்று வார்சாவிலிருந்து வந்தது; இன்னொன்றை கிங்ஸ்பரி என்ற மருத்துவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்திருந்தார். நகரத்து நோயாளிகளின் ரத்தநீர் வார்சா குடுவையில் திரண்டது. தோட்டத்திலும் புதர்க்காட்டிலும் வேலை செய்தவர்களின் ரத்தநீரோ கிங்ஸ்பரி குடுவையில் மட்டும் திரண்டது. வழியில் எங்கோ குணம் மாறிப்போன ஒரு கிருமியின் தயவில், ஒன்று என்று நினைத்த காய்ச்சல் இரண்டு என்று தெரிந்தது. திட்டம் போட்டு யாராலும் செய்திருக்க முடியாத கண்டுபிடிப்பு.

அந்தத் தோட்டத்து நோயாளிகளில் தமிழர்கள் நிறைய. அப்போது புதிதாகக் காடழித்துப் போட்ட செம்பனைத் தோட்டங்களில் எலியும் பெருகியது, காய்ச்சலும் பெருகியது. பிறகு அதே கழகத்தில் லெத்வெய்ட்டும் சவூரும் சேர்ந்து, மலாயாவின் புதர்க் காய்ச்சலான ஸ்க்ரப் டைபஸும் ஜப்பானியர் ஆற்றோரங்களில் கண்ட சுசுகாமுஷி நோயும் ஒன்றே என்று நிறுவினார்கள். சிலந்திப்பேன் குஞ்சுகளை இனம் பிரித்துப் பெயர் வைப்பதில் உலகம் தேடி வந்த பெயர், அங்கே பணியாற்றிய எம். நட்சத்திரம். நம் பள்ளிப் பாடப் புத்தகங்களில் அவருக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

நோயின் பெயர் தெரிந்துவிட்டது, மருந்து இல்லை. மருந்தைத் தேடுவதிலும் ஒரு சிக்கல். ஸ்க்ரப் டைபஸ் கிருமியான ஓரியன்ஷியா தட்டில் வளராது. எவ்வளவு சத்துள்ள கூழை ஊற்றிக் கொடுத்தாலும் வளராது. உயிருள்ள செல்லுக்குள் புகுந்து, அந்தச் செல்லின் சரக்கை எடுத்துத்தான் அது பெருகும். ஆகவே வில்லை வைத்து வட்டம் அளக்கிற வழியே இல்லை. கருவுற்ற கோழிமுட்டையின் மஞ்சள்கருப் பைக்குள் கிருமியை ஏற்றி, கரு பிழைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அல்லது சுண்டெலிக்கு நோயைக் கொடுத்து, மருந்தையும் கொடுத்து, எது பிழைக்கிறது என்று எண்ண வேண்டும். பென்சிலின் இதில் தேறவில்லை. பென்சிலின் தாக்குவது கிருமியின் கெட்டியான மேற்சுவரை. ஓரியன்ஷியாவிடம் அந்தச் சுவர்ப் பொருள் மிகச் சொற்பம். சல்ஃபா மருந்துகளும் உதவவில்லை.

வெனிசுவேலாவின் கராகஸ் நகருக்கு அருகே எடுத்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து குளோரம்ஃபெனிக்கால் பிரித்தெடுக்கப்பட்டது 1947இல். அமெரிக்க ராணுவ மருத்துவர் ஜோசப் ஸ்மேடல் அதை முட்டையிலும் சுண்டெலியிலும் சோதித்தார். தேறியது. 1948 மார்ச்சில் அவரும் தியோடர் உட்வர்டும் இன்னும் சிலரும் மருந்தோடு கோலாலம்பூருக்கு வந்து இறங்கினார்கள். லெத்வெய்ட்டும் சவூரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். 25 நோயாளிகளுக்கு மருந்து; ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து பெறாத 12 பேர். இரண்டு மூன்று வாரம் எரிகிற காய்ச்சல், மருந்து கொடுத்த ஒன்றரை நாளுக்குள் பெரும்பாலோருக்கு அடங்கியது. மருந்து பெற்றவர்களில் ஒருவரும் சாகவில்லை. மருந்து பெறாத பன்னிரண்டு பேரை இன்றைய மருத்துவ நெறி எளிதில் ஒப்புக்கொள்ளாது. ஆனால் அவர்களோடு ஒப்பிட்டதால்தான் அந்த முடிவுக்கு எடை வந்தது.

ஸ்க்ரப் டைபஸ் என்று எண்ணி மருந்து கொடுக்கப்பட்டவர்களில் இரண்டு பேருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு. ரத்தத்தில் கிருமி வளர்ந்த பிறகுதான் அது தெரிந்தது. அதற்குள் அவர்கள் எதிர்பாராத விதமாகத் தேறிக்கொண்டிருந்தார்கள். அதுவரை டைபாய்டுக்கு மருந்தென்று ஒன்று கிடையாது. படுக்கை, கஞ்சி, தாதியின் கவனிப்பு, மற்றது விதி. உடனே குழு திசை திரும்பி, கோலாலம்பூரின் மருத்துவர் மங்கிகர் போன்றவர்களோடு சேர்ந்து 10 டைபாய்டு நோயாளிகளுக்கு மருந்து கொடுத்து, அந்த ஆண்டே முடிவை வெளியிட்டது. உலகில் டைபாய்டுக்குக் கிடைத்த முதல் நல்ல மருந்து இப்படி, தப்பாகக் கணித்த இரண்டு காய்ச்சல்களின் வழியாக வந்தது.

அந்தக் குழு செய்த இன்னொரு சோதனை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடச் சுவையானது. தொற்று மிகுந்த ஒரு தோட்டத்தின் லாலாங் புல்லில் தன்னார்வலர்களை உட்கார வைத்தார்கள். பேன் குஞ்சு கடிக்கட்டும் என்றுதான். கூடவே தினமும் குளோரம்ஃபெனிக்கால். மருந்து சாப்பிட்ட நாள்வரை நன்றாக இருந்தார்கள். நிறுத்திச் சில நாள்களில் பலருக்குக் காய்ச்சல் வந்தது. மருந்து கிருமியைக் கொல்லவில்லை. பெருகவிடாமல் பிடித்து மட்டும் வைத்திருந்தது. குளோரம்ஃபெனிக்கால் கிருமியின் புரத உற்பத்தியை நிறுத்துகிறது. உற்பத்தி நின்ற கிருமி உடனே சாவதில்லை, காத்திருக்கிறது. நோய் வந்தவர் மருந்தால் தேறுவதற்குக் காரணம், அந்த இடைவெளியில் அவருடைய சொந்த எதிர்ப்பு சக்தி விழித்துக்கொண்டு மிச்ச வேலையை முடிப்பது. பின்னர், சில நாள்களுக்கு ஒருமுறை என்று வாரக்கணக்கில் மருந்தை நீட்டியபோது, உடம்புக்குப் பழக அவகாசம் கிடைத்துக் காய்ச்சலும் தள்ளிப்போனது. முட்டையும் சுண்டெலியும் மட்டும் வைத்துக்கொண்டு இதை அறிந்திருக்க முடியாது. உடம்பும் மருந்தும் சேர்ந்து செய்த வேலையை, மருந்து மட்டும் செய்ததாக எண்ணியிருப்போம்.

டைபாய்டு கிருமி சுமார் இருபது ஆண்டு குளோரம்ஃபெனிக்காலுக்கு அடங்கி நடந்தது. 1972இல் மெக்சிகோவில் ஆயிரக்கணக்கானோரைத் தாக்கிய டைபாய்டு அந்த மருந்துக்குக் கேட்கவில்லை. அதே ஆண்டு கேரளத்தின் கோழிக்கோட்டிலும் கேட்காத கிருமி தென்பட்டது. பணிக்கரும் விமலாவும் அதைச் சோதித்து, அந்த எதிர்ப்பு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடியது என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். மரபணுத் துண்டு ஒன்றில், மருந்தைச் செயலிழக்கச் செய்யும் நொதிக்கான குறிப்பு இருக்கிறது. பக்கத்துக் கிருமி அந்தத் துண்டை வாங்கிக்கொள்கிறது. 1980களின் கடைசியில் குளோரம்ஃபெனிக்கால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் மூன்றுக்கும் சேர்த்துக் கேட்காத டைபாய்டு இந்தியா முழுக்கப் பரவிவிட்டது.

டைபாய்டு கிருமி தட்டில் வளரும் என்பதால் இங்கே தட்டுக்கு வேலை உண்டு. பாயர், கிர்பி முதலியோர் 1966இல் முறைப்படுத்திய வில்லைச் சோதனை, இன்றும் எந்த ஊர் மருத்துவமனை ஆய்வகத்திலும் செய்யக்கூடிய மலிவான சோதனை. முல்லர்–ஹின்டன் என்ற கூழைத் தட்டில் ஊற்றி உறைய வைக்கிறார்கள். கிருமியை உப்புநீரில் குறிப்பிட்ட கலங்கல் வரும்வரை கரைத்து, பஞ்சுக்குச்சியால் தட்டு முழுக்க மூன்று திசையில் தேய்க்கிறார்கள். 6 மில்லிமீட்டர் அகலக் காகித வில்லைகளை வைத்து, 35 டிகிரியில் ஓர் இரவு. வில்லையிலிருந்து மருந்து கூழுக்குள் கசிந்து பரவுகிறது. தள்ளிப் போகப் போகச் செறிவு குறைகிறது. கிருமி பெருகத் துணியும் எல்லையில் வட்டம் முடிகிறது. குளோரம்ஃபெனிக்கால் வில்லைக்கு வட்டம் 18 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் கேட்கும். 12 அல்லது அதற்குக் கீழ் என்றால் கேட்காது.

எளிமையாகத் தெரிகிறது. ஆனால் கூழின் ஆழம் 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஊற்றுபவர் கை சிக்கனமாக இருந்து கூழ் மெலிந்துபோனால் வட்டம் பெரிதாகும். கேட்காத கிருமி கேட்பது போலத் தெரியும். கிருமிக் கரைசல் நீர்த்துப் போனாலும் அதே கதை. வில்லைகள் ஈரம் பட்டுக் கெட்டிருந்தால் எதிர்ப்பக்கமாகப் பிழை வரும். அதனால்தான், வட்டம் எவ்வளவு வர வேண்டும் என்று முன்பே தெரிந்த ஒரு கிருமியையும் ஒழுங்காகக் கூடவே சோதிக்கச் சொல்கிறார்கள். இந்தச் சலிப்பான வேலையைத் தவறாமல் செய்கிற ஆய்வகத்தின் அறிக்கையை மட்டும்தான் நம்பலாம்.

எல்லாம் சரியாகச் செய்தாலும், 18 என்ற எண் எங்கிருந்து வந்தது? தட்டிலிருந்து வராது. எந்த அளவு வட்டம் விழுந்த கிருமிகளுக்கு நோயாளிகள் குணமானார்கள் என்ற அனுபவத்தோடு பொருத்தி, மனிதர்கள் கூடி உட்கார்ந்து போட்ட கோடு அது. அனுபவம் மாறினால் கோடும் மாற வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் விஷயத்தில் நடந்தது இதுதான். 1990களில் வியட்நாமிலும் இந்தியாவிலும் டாக்டர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள். அறிக்கையில் ‘சிப்ரோவுக்குக் கேட்கும்’ என்று இருக்கிறது, நோயாளிக்கோ காய்ச்சல் ஒரு வாரமாகியும் இறங்கவில்லை. கிருமியின் ஒரே ஒரு மரபணுவில் ஒரு சிறு மாற்றம் நடந்திருந்தது. அதனால் மருந்தின் பிடி தளர்ந்ததே தவிர விட்டுப்போகவில்லை. பழைய கோட்டின்படி அந்தத் தளர்ச்சி கண்ணில் படவில்லை. கடைசியில் உளவு சொன்னது, டைபாய்டுக்கு யாரும் கொடுக்காத நாலிடிக்சிக் அமிலம் என்ற பழைய மருந்தின் வில்லை. அந்த வில்லையைச் சுற்றி வட்டமே விழாத கிருமி என்றால், சிப்ரோவும் தடுமாறும்.

2012இல் அமெரிக்கத் தரநிர்ணயக் குழு கோட்டை நகர்த்தியது. அதுவரை ஒரு மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் சிப்ரோவில் அடங்கினால் போதும், கேட்கும் என்று எழுதலாம். இனி 0.06இல் அடங்க வேண்டும். வில்லைக்கு 21 மில்லிமீட்டர் போதும் என்றிருந்தது 31 ஆனது. களத்து நெல் அப்படியே இருக்க, மரக்காலை மாற்றியது போல. முந்தின நாள்வரை ‘கேட்கும்’ பட்டியலில் இருந்த கிருமிகளில் பெரும்பகுதி மறுநாள் பட்டியலிலிருந்து விழுந்தது. புள்ளிவிவரங்களில் அந்த ஆண்டுகளில் எதிர்ப்பு திடீரென எகிறியதாகத் தெரிந்தால், எதிர்ப்பு எகிறியதா கோடு எகிறியதா என்று கேட்காமல் செய்தி எழுதக் கூடாது.

ஜென்டமைசின் புதிரும் இதற்குப் பக்கத்து வீட்டுக் கதைதான். டைபாய்டு கிருமி உடம்பில் நம் பாதுகாப்புச் செல்களுக்கு உள்ளேயே, அமிலம் நிறைந்த ஒரு பைக்குள் உட்கார்ந்து பெருகுகிறது. ஜென்டமைசின் செல்லுக்குள் எளிதில் நுழையாது. நுழைந்தாலும் அமிலத்தில் வலுவிழந்துவிடும். ரத்தத்தில் எவ்வளவு மருந்து ஓடினாலும், கிருமி இருக்கும் அறைக்கு அது போய்ச் சேருவதில்லை. அசித்ரோமைசின் இதற்கு நேர்மாறு. மாத்திரை விழுங்கினால் ரத்தத்தில் அதன் உச்ச அளவு மில்லிலிட்டருக்கு அரை மைக்ரோகிராம்கூட இருக்காது. ஆனால் டைபாய்டு கிருமி 16 மைக்ரோகிராமில் அடங்கினாலே ‘கேட்கும்’ என்று எழுதுகிறார்கள். ரத்தக் கணக்குப் போட்டால் இது மோசடி போலத் தெரியும். இந்த மருந்து செல்லுக்குள்ளே போய்ப் பல மடங்காகச் சேர்ந்துகொள்கிறது. கிருமியும் அங்கேதான் இருக்கிறது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016இல் தொடங்கிய, ஏறத்தாழ எல்லாப் பழைய மருந்துக்கும் கேட்காத டைபாய்டுக்கு, வாய்வழி மாத்திரையாக மிஞ்சியது இது ஒன்றுதான்.

மறுபடி ஸ்க்ரப் டைபஸுக்கு வருவோம். தட்டில் வளராத கிருமிக்கு மருந்து எதிர்ப்பு வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? 1996இல் ‘லான்செட்’ இதழில் ஜார்ஜ் வாட் குழுவினர் எழுதிய கட்டுரை பெரிய அதிர்ச்சியைக் கொடுத்தது. வட தாய்லாந்தின் சியாங் ராய் பகுதியில், ஸ்க்ரப் டைபஸுக்கான மருந்தான டாக்சிசைக்ளினைக் கொடுத்தும் காய்ச்சல் தாமதமாகவே இறங்குகிறது. மூன்று நாளில் இறங்கியது 12 பேரில் 5 பேருக்குத்தான். மேற்குப் பகுதியின் மே சோட்டில் 7 பேருக்கும் இறங்கிவிட்டது. சுண்டெலியிலும் செல் வளர்ப்பிலும் சோதித்தபோது, வடக்கின் கிருமி மருந்துக்கு முரண்டு பிடித்தது. அதிலிருந்து ‘டாக்சிசைக்ளினுக்குக் கேட்காத ஸ்க்ரப் டைபஸ்’ என்ற வாசகம் பாடநூலுக்குப் பாடநூல் ஏறியது. 2020இல் இன்னொரு குழு பழைய சான்றுகளையெல்லாம் புரட்டிப் பார்த்து, இது தவறான எண்ணம் என்று வாதிட்டது. பன்னிரண்டு பேரும் ஏழு பேரும் சிறிய எண்கள். நோய் முற்றி வந்தவருக்குக் காய்ச்சல் தாமதமாக இறங்குவது இயல்பு. உடம்பில் மருந்து எவ்வளவு சேர்ந்தது என்று அளக்கவில்லை. எனக்கு இரண்டாம் தரப்பின் வாதம் பலமாகப் படுகிறது. இருபது பேர்கூட இல்லாத ஒப்பீட்டின்மேல் கால் நூற்றாண்டு அச்சம் நின்றிருக்கிறது.

எதிர்ப்பு இருக்கிறதோ இல்லையோ, கடுமையாக நோயுற்றவர்களில் நிறையப் பேர் மருந்து கொடுத்தும் சாகிறார்கள் என்பது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு நன்றாகத் தெரியும். மழைக்காலம் முடியும் மாதங்களில் அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் காய்ச்சல்களில் இது முக்கியமானது. அங்குள்ள ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகள் சேர்ந்து ஒரு பெரிய சோதனை செய்தன. முடிவு 2023இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. ஏறக்குறைய 800 நோயாளிகள். ஒரு பிரிவுக்கு டாக்சிசைக்ளின், இன்னொன்றுக்கு அசித்ரோமைசின், மூன்றாவதற்கு இரண்டும், எல்லாம் நரம்பு வழியாக. சாவு, விடாத காய்ச்சல், ஒரு வாரத்துக்குப் பின்னும் நீடிக்கும் உறுப்புச் சிக்கல் ஆகியவற்றைச் சேர்த்து எண்ணியபோது, ஒற்றை மருந்து பெற்ற இரு பிரிவிலும் நூற்றுக்கு 47, 48 பேர். இரண்டும் பெற்றவர்களில் 33. சாவை மட்டும் தனியே எண்ணினால் மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இரு மருந்து சிகிச்சையைக் கொண்டாடும் தலைப்புகளில் இந்தக் கடைசி வாக்கியம் பெரும்பாலும் விடுபட்டுப் போனது. இரண்டு மருந்தும் கிருமியின் புரதத் தொழிற்சாலையில் வெவ்வேறு இடத்தைப் பிடிக்கின்றன. தொடக்கத்திலேயே இரண்டு பக்கமும் பிடித்தால் உற்பத்தி முழுதாக நிற்கும் என்பது அவர்கள் சொல்லும் விளக்கம்.

ஓரியன்ஷியாவைச் செல் வளர்ப்பில் வைத்து, மருந்துக்கு அடங்குகிறதா என்று அளக்க இன்று முடியும். ஆனால் அதற்கு உயர்பாதுகாப்பு ஆய்வகமும் நாள்கணக்கில் பொறுமையும் வேண்டும். கேமரன் மலையின் தானா ராத்தா மருத்துவமனைக்குக் காய்ச்சலோடு வந்து படுக்கும் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு அது எட்டாத தூரம். அதனால் டாக்டர் பொருக்கைத் தேடுகிறார், டைபாய்டுக்காக ரத்தத்தை வளர்ப்புக்கு அனுப்புகிறார், விடைக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளினைத் தொடங்கிவிடுகிறார். ஸ்க்ரப் டைபஸ் என்றால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். இறங்காவிட்டால், கிருமி மருந்துக்குக் கேட்கவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் கணித்த நோயே தப்போ என்று பார்ப்பது வழக்கம்: டைபாய்டா, டெங்கியா, மலேரியாவா என்று ரத்தம் மறுபடி ஆய்வகத்துக்குப் போகிறது.